குறும்பட இயக்குநர் தம்பிக்கு: ‘ஏலியன்’ காப்பி என்றால் எது?

அன்புள்ள தம்பி,

உன் 22 பக்கத் திரைக்கதை வந்தது. கூடவே ஒரு கேள்வியும் வைத்திருந்தாய். “விண்கப்பல், காரிடார், இருட்டில் ஒரு ஜந்து என்று எழுதினாலே ‘ஏலியன்’ காப்பி என்கிறார்கள். கையில் இருக்கும் காசுக்கு வேறு எதைத்தான் எடுப்பது?” இரண்டையும் சேர்த்தே பேசிவிடலாம்.

முதலில் காரிடார். பேய்ப்பட இயக்குநருக்கு எப்போதும் ஒரு தலைவலி உண்டு: இந்த வீட்டை விட்டு இவர்கள் ஏன் ஓடிப்போகவில்லை? விண்வெளியில் அந்தக் கேள்வியே எழாது. கதவைத் திறந்தால் சாவு. போலீஸ் வராது, பக்கத்து வீட்டுக்காரர் வரமாட்டார். ஜன்னலுக்கு வெளியே கறுப்புத் துணியில் ஓட்டை போட்டுப் பின்னால் விளக்கு வைத்தால் நட்சத்திரம். ஆறேழு நடிகர்கள், இரண்டு அறை, ஒரு காரிடார் போதும். காசு இல்லாதவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் வந்து நிற்பதற்கு இதுதான் காரணம். ஒருவரை ஒருவர் பார்க்காமலே கூட அங்கே வந்து சேர்ந்திருப்பார்கள்.

அதற்குச் சாட்சி, 1979-ல் ‘ஏலியன்’ என்ற விண்வெளித் திகில் படம் வருவதற்கு 21 வருடம் முன்பே இருக்கிறது. 1958-ல் எட்வர்ட் எல். கான் இயக்கிய ‘இட்! தி டெரர் ஃப்ரம் பியாண்ட் ஸ்பேஸ்’. செவ்வாயிலிருந்து திரும்பும் கப்பலில், யாரோ திறந்து விட்டுவிட்ட கதவு வழியாக ஒரு ஜந்து ஏறிவிடுகிறது. காற்றுக்குழாய்க்குள் ஒளிகிறது, ஒவ்வொருவராகக் கொல்கிறது, மிச்சம் இருப்பவர்கள் தளம் தளமாக மேலே ஒதுங்குகிறார்கள். கடைசியில் விண்வெளி உடையை மாட்டிக்கொண்டு கப்பலின் காற்றை வெளியே விட்டு அதைக் கொல்கிறார்கள். படம் 70 நிமிடம்கூட இல்லை. ஜந்துவாக நடித்த ரே காரிகன் முகமூடிக்கு அளவு கொடுக்கப் போகவில்லை. அதனால் அது பொருந்தாமல், அவருடைய முகவாய் ஜந்துவின் வாய்க்குள் துருத்திக்கொண்டு நின்றது. அதற்குச் சாயம் பூசி நாக்கு ஆக்கிவிட்டார்கள். உன் ஜந்துவாக நடிப்பவரை ஒரு நாள் முன்னதாகவே வரவழைத்து அளவு எடுத்துவிடு.

1965-ல் இத்தாலியில் மரியோ பாவா ‘பிளானட் ஆஃப் தி வேம்பயர்ஸ்’ எடுத்தார். அபாய அழைப்பைக் கேட்டு ஒரு கிரகத்தில் இறங்குகிறார்கள். அங்கே பழைய கப்பல் ஒன்று, உள்ளே மனிதரைவிடப் பல மடங்கு பெரிய எலும்புக்கூடு. ‘ஏலியன்’ பார்த்தவர்களுக்கு இது எங்கேயோ பார்த்த இடமாகத் தெரியும். பாவாவிடம் இருந்தது வேறொரு படத்தில் மிஞ்சிய இரண்டு பிளாஸ்டிக் பாறை, கண்ணாடி, புகை. அதை வைத்துக்கொண்டு ஒரு கிரகத்தையே காட்டினார். எழுத்தில் இன்னும் பின்னால் போகலாம். மனித உடலுக்குள் முட்டை வைக்கும் ஜந்துவை ஏ. ஈ. வான் வோட் 1939-லேயே சிறுகதையில் எழுதிவிட்டார். ‘ஏலியன்’ வந்த பிறகு அவர் தொடுத்த வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாக முடிந்தது. சுமார் 1.1 கோடி டாலரில் எடுத்த அந்தப் பெரிய படமே சின்னச் சின்னப் படைப்புகளின் தோளில் ஏறி வந்ததுதான்.

‘ஏலியன்’ எழுதப்பட்ட விதத்தைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். அதன் திரைக்கதையை எழுதிய டான் ஓ’பேனன் முதலில் ஜான் கார்பென்டரோடு சேர்ந்து ‘டார்க் ஸ்டார்’ (1974) எடுத்தார். மாணவர் படமாகத் தொடங்கி சுமார் 60,000 டாலரில் முடிந்தது. அதில் வேற்றுக்கிரக ஜந்து ஒரு கடற்கரைப் பந்து, அடியில் இரண்டு பாதம். கட்டுப்பாட்டு மேசையில் விளக்குப் பொத்தான்களாக எரிந்தவை ஐஸ் கட்டித் தட்டுகள். பந்து எதிர்பார்த்த அளவுக்குச் சிரிப்பை வரவழைக்கவில்லை. சிரிக்காதவர்களைப் பயமுறுத்தியாவது பார்க்கலாம் என்று அதே சூழ்நிலையைத் திகிலாக எழுத உட்கார்ந்தார். இயக்குநர் ரிட்லி ஸ்காட்டின் கைக்குப் போய்ச்சேர்ந்தது அந்தக் கதைதான்.

அப்படியென்றால் அதில் புதிதாக என்ன இருந்தது? இரண்டு விஷயத்தைச் சொல்வேன். முதலாவது, நெஞ்சைப் பிளந்துகொண்டு வெளியே வரும் குட்டி. ஓ’பேனனுக்குக் கிரோன்ஸ் என்ற குடல் நோய். வயிற்றுக்குள் ஏதோ புரண்டு வெளியே வரத் துடிக்கும் வலி அவருக்குத் தெரியும். வேறொரு பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும் குளவிகளைப் பற்றியும் தெரியும். வான் வோட்டின் கதையில் முட்டை மட்டும்தான் இருந்தது. அதற்கு வலியைச் சேர்த்தவர் இவர்.

இரண்டாவது, அமில ரத்தம். உன் திரைக்கதையில் பதினான்காம் பக்கத்தில் ஜந்துவின் ரத்தம் சொட்டித் தரை உருகுகிறது. அந்த யோசனை எங்கிருந்து வந்தது தெரியுமா? “கையில் துப்பாக்கி இருக்கும்போது இந்த ஜந்துவைச் சுட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே?” என்ற கேள்விக்குப் பதில் தேடினார்கள். கப்பலை வடிவமைத்த ரான் காப் சொன்ன பதில் அது. சுட்டால் ரத்தம் சிந்தும், ரத்தம் தரையைத் துளைக்கும், தளம் தளமாக இறங்கிக் கப்பலின் வெளிச்சுவரையே பிளந்துவிடும். அதனால் சுட முடியாது. உன் கதையில் யாரிடமும் துப்பாக்கி இல்லை, சுடவேண்டிய தேவையும் வரவில்லை. ஆனாலும் தரை உருகுகிறது. என் கணக்கில் காப்பி என்பது இந்த இடம்தான். கேள்வியை விட்டுவிட்டு விடையை மட்டும் எடுத்துக்கொள்வது.

1979-க்குப் பின் வந்த சின்னப் படங்களை இந்தக் கண்ணோடு பார்த்துக்கொண்டு வா. ரோஜர் கார்மன் தயாரித்த ‘ஃபர்பிடன் வேர்ல்ட்’ (1982) வெளிப்பார்வைக்கு அப்பட்டமான நகல். செட்கூட முந்தைய வருடம் அவரே தயாரித்த ‘கேலக்ஸி ஆஃப் டெரர்’ படத்துடையது, தொடக்க விண்வெளிச் சண்டை ‘பேட்டில் பியாண்ட் தி ஸ்டார்ஸ்’ (1980) படத்திலிருந்து வெட்டி ஒட்டியது. ஆனால் ஜந்துவை எப்படிக் கொல்கிறார்கள் பார். அது சாப்பிட்டதையெல்லாம் தன் உடம்பாக மாற்றிக்கொள்ளும் உயிர், உணவுப் பஞ்சத்தைத் தீர்க்க ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியது. புற்றுநோயில் சாகப்போகும் விஞ்ஞானி தன் கட்டியை அறுத்து எடுத்து அதற்கு ஊட்டச் சொல்கிறார். ஜந்துவின் இயல்பே அதன் சாவாகிறது. அந்த ஒரு காட்சிக்காக அந்தப் படத்தை நான் மதிக்கிறேன். ‘ஏலியனுக்கு’ முன்பே, 1966-ல் வந்த ‘குவீன் ஆஃப் பிளட்’டும் இந்த ரகம்தான். பல காட்சிகள் சோவியத் படங்களிலிருந்து எடுத்து ஒட்டியவை. ஆனால் அதில் வரும் ரத்தம் குடிக்கும் வேற்றுக்கிரகப் பெண்ணுக்கு ஒரு கீறல் பட்டால் ரத்தம் நிற்காது என்பது அவர்களே யோசித்த முடிவு.

‘கேலக்ஸி ஆஃப் டெரர்’ (1981) பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அதன் தயாரிப்பு வடிவமைப்பாளர்களில் ஒருவர் ஜேம்ஸ் கேமரூன். துரித உணவுக் கடையில் ஹாம்பர்கர் வைத்துத் தரும் தெர்மாக்கோல் பெட்டிகளை வரிசையாகச் சுவரில் ஒட்டிச் சாயம் பூசி, காரிடார் ஆக்கினார்கள். ‘ஏலியன்’ படத்தைப் பார்த்துத்தான் அந்த வேலை நடந்தது, சந்தேகமில்லை. ஐந்து வருடம் கழித்து அதே கேமரூன் ‘ஏலியன்ஸ்’ எடுத்தபோது, கார்மனிடம் வேலை செய்த தந்திரக் காட்சிக் கலைஞர்களான ஸ்கோடக் சகோதரர்களும் கூட இருந்தார்கள். அந்தப் படத்தில் உறக்கப் பெட்டிகள் வரிசையாகத் தெரிகிறதே, பாதி கண்ணாடியில் தெரியும் பிம்பம்.

சட்டத்தைப் பற்றிப் பயப்படாதே. ஆர். ஜி. ஆனந்த் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் 1978-லேயே சொல்லிவிட்டது: கருவுக்கும் கதைப்பொருளுக்கும் பதிப்புரிமை இல்லை, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு. கப்பலும் ஜந்துவும் பொது. அந்த நீள மண்டை, உள்ளிருந்து நீளும் இரண்டாவது வாய் இரண்டும் ‘ஏலியன்’ ஜந்துவை வடிவமைத்த ஹெச். ஆர். கீகருடையவை. அவற்றைத் தொடாதே.

இனி உன் காரிடார். எட்டுக்கு நாலு ப்ளைவுட் எட்டை நிமிர்த்தி வை, பக்கத்துக்கு நாலு. 16 அடி நீளம் கிடைக்கும். அகலம் ஐந்து அடிக்குக் குறையக்கூடாது, குறைந்தால் கேமராவும் நடிகரும் ஒன்றாக நகர முடியாது. நாலு அடிக்கு ஒரு வளைவுச் சட்டம் மேலே கொடுத்துவிடு. கூரை திறந்திருந்து வெளிச்சம் மேலிருந்து கொட்டினால் பார்த்தவுடன் செட் என்று தெரிந்துவிடும். ஒரு பக்கத்துப் பலகைகளுக்குச் சக்கரம் வை, கழற்றி எடுக்கலாம். ஒரே காரிடாரை இரண்டு பக்கமிருந்தும் எடு, இரண்டாவது முறை விளக்கின் நிறத்தையும் கதவின் எண்ணையும் மாற்று. கப்பல் இரண்டு மடங்காகிவிடும்.

சுவருக்குத் தெர்மாக்கோல் ஒட்டப்போகிறாய் என்று எழுதியிருந்தாய். அதன்மேல் நேரடியாக ஸ்ப்ரே பெயின்ட் அடிக்காதே. அதில் உள்ள கரைப்பான் தெர்மாக்கோலைத் தின்று குழி குழியாக்கிவிடும். முதலில் தண்ணீரில் கலக்கும் எமல்ஷன் இரண்டு கோட், நன்றாகக் காய்ந்த பிறகு சாம்பல் நிறம், அப்புறம் ஒரு பங்கு கறுப்புக்கு எட்டுப் பங்கு தண்ணீர் கலந்து தடவித் துணியால் துடை. மூலைகளில் மட்டும் கறுப்பு தங்கும், பல வருடம் ஓடிய கப்பல் மாதிரி இருக்கும். சூடான ஹாலஜன் விளக்கைப் பக்கத்தில் வைக்காதே. தெர்மாக்கோல் எரிந்தால் வரும் புகை விஷம்.

எல்.இ.டி. பட்டை விளக்கை டிம்மரில் குறைத்தால் திரையில் கோடு ஓடும். முழு வெளிச்சத்தில் விட்டு, மேலே டிரேசிங் பேப்பர் போட்டுக் குறை. நம் ஊர் மின்சாரத்துக்கு ஷட்டர் 1/50. புகைக்கு உலர் பனி வேண்டாம். அது கார்பன் டை ஆக்சைடு, மூடிய அறையில் தரையோடு தேங்கும், தரையில் படுத்து நடிக்கிறவருக்கு மூச்சு முட்டும். மெல்லிய புகைமூட்டம் போடும் ஹேஸ் மெஷின் வை, விசிறியை நிறுத்து, ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் இரண்டு நிமிடம் பரவவிடு. அவசரப்பட்டால் ஒரு ஷாட்டில் புகை அடர்த்தியாகவும் அடுத்ததில் காணாமலும் போய், எடிட்டிங்கில் ஒட்டாது.

கொழகொழப்புக்கு ‘ஏலியன்’ படத்தில் கே-ஒய் ஜெல்லி என்ற வழவழப்பு ஜெல் வாளி வாளியாகத் தீர்ந்தது. உனக்குத் தண்ணீரைக் கெட்டியாக்கும் மெத்தில் செல்லுலோஸ் தூள் போதும். ஒரு லிட்டருக்கு 25 கிராம். 300 மில்லி தண்ணீரை 80 டிகிரிக்குச் சூடாக்கி அதில் தூவிக் கலக்கு, கரையாது, தூள் பிரிந்து நனையும், அவ்வளவுதான் வேண்டும். பிறகு 700 மில்லி ஐஸ் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வை. குமிழ்கள் மேலே வந்து, கண்ணாடி மாதிரி நூலாக இழுபடும். எடுத்த எடுப்பில் பச்சைத் தண்ணீரில் கொட்டினால் கட்டி தட்டும், எவ்வளவு அடித்தாலும் உடையாது. தரையில் சிந்தினால் உடனே துடைக்க ஒரு ஆளை நிறுத்து.

ஹெல்மெட் கண்ணாடியில் விளக்கும் கேமராவும் தெரியும், நடிகரின் மூச்சும் படியும். கிட்டத்து ஷாட்களில் அந்த அக்ரிலிக்கைக் கழற்றிவிடு, யாருக்கும் தெரியாது. தூரத்து ஷாட்டுக்கு உள்ளே 5 வோல்ட் விசிறி ஒன்று. வசனத்தை அப்புறம் டப் செய்துகொள்.

ஒலிக்கு: ஃப்ரிட்ஜ், ஏ.சி. வெளி யூனிட் சத்தத்தை 96 கிலோஹெர்ட்ஸில் பதிந்து பாதி வேகத்தில் ஓட்டு. ஒரு ஸ்தாயி இறங்கிக் கப்பலின் அடிவயிற்று உறுமலாகிவிடும்.

கதைக்குத் திரும்பி வருகிறேன். உன் கப்பல் உப்புத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் கப்பல் என்று மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி எழுதிவிட்டு மறந்துவிட்டாய். திரைக்கதையில் உனக்கே உனக்கென்று இருக்கும் வரி அது. அந்த ஜந்துவுக்கு உப்பு வேண்டும் என்று வைத்துப் பார். மனித வியர்வையில், கண்ணீரில் உப்பு இருக்கிறது. பயந்து வியர்க்கிறவனைத் தேடி வரும், அழுகிறவளைத் தேடி வரும். அமில ரத்தத்தை எடுத்துவிட்டு, பதினான்காம் பக்கத்தை அங்கிருந்து திரும்ப எழுதி அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்