கடையை விற்பதற்கு முன்

கொழும்பு

அன்பு மகளுக்கு,

கடையை விற்றுவிட்டு கனடாவுக்கு வந்து உன்னோடு இருக்கச் சொன்னாய். விலை கேட்டு ஆட்கள் வருவதும் உண்மைதான். ஆனால் இந்தக் கடை எதனால் நின்றது என்பதை உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை.

அப்பப்பா புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் கடை போட்டபோது அவரிடம் பெரிய முதல் இல்லை. யாழ்ப்பாணத்துச் செத்தல் மிளகாய், வெங்காயம், புகையிலை எல்லாம் கொமிஷனுக்குத்தான் எடுத்தார். அங்கே பயிர் செய்யும் தோட்டக்காரர் மூட்டையை லொறியில் ஏற்றிவிடுவார்கள். இங்கே விற்ற பிறகுதான் காசு. அன்று எந்த ஒரு வீட்டில் போன் இருந்தது? கொழும்புக் கடைக்காரர் சொன்னதுதான் விலை. அப்பப்பா விற்ற விலையை அப்படியே துண்டில் எழுதி, கொமிஷனையும் மூட்டை தூக்கும் நாட்டாமைக் கூலியையும் கழித்து, திரும்பிப் போகும் லொறியிலேயே காசைக் கொடுத்தனுப்புவார்.

1970க்குப் பிறகு சிறிமாவோ அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியை நிறுத்தியது. யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் மிளகாய்க் காசில் கல்வீடு எழும்பிய காலம் அது. காலையில் ஒரு விலை, பின்னேரம் இன்னொரு விலை. துண்டில் கொஞ்சம் குறைத்து எழுதினால் யாருக்கும் தெரிய வராது. அப்பப்பா ஒருநாளும் அதைச் செய்யவில்லை. இதை எழுதும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது, பிள்ளை. 1977இல் ஆட்சிக்கு வந்த ஜே.ஆர். ஜயவர்த்தன இறக்குமதியைத் திறந்துவிட, விலை விழுந்து தோட்டக்காரருக்குப் பெரிய அடி. அப்போதும் எங்களுக்குச் சரக்கு வந்துகொண்டே இருந்தது.

1983 ஜூலை 25 இனக்கலவரத்தில் கடை எரிந்தது. கடன் கொப்பிகளும் போய்விட்டன. அகதி முகாமிலிருந்து கப்பலில் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்குப் போனோம். அதற்கு மேல் எழுத மனம் வரவில்லை.

அங்கே சுன்னாகத்துப் பக்கத் தோட்டக்காரர்கள் தாங்களாகவே வீடு தேடி வந்தார்கள். “கடையைத் திறவுங்கோ ஐயா, சரக்கு நாங்கள் போடுறம். வித்துப்போட்டுத் தாங்கோ” என்றார்கள். அடுத்த வருடம் கொழும்பில் தகரக் கூரையோடு திறந்தோம். முதல் லொறி முழுக்கக் கடன் சரக்கு.

1990இல் போரால் யாழ்ப்பாணப் பாதை பூட்டியதும் அந்த வரத்து நின்றது. இந்தியச் செத்தலுக்கு மாறினோம். 2022இல் டொலர் 360 ரூபாயைத் தாண்டி, பருப்பு இறக்கவே எல்லாரும் தவித்தபோதும், எங்கள் பெயருக்குக் கடன் தர ஆட்கள் இருந்தார்கள்.

இப்போது கடையில் கணக்குப் பார்க்கும் தம்பியை நீ பார்த்திருக்கிறாய். அந்தத் தோட்டக்காரரில் ஒருவரின் பேரன். விற்பதென்றால் முதலில் அவனிடம்தான் கேட்க நினைக்கிறேன். முழுக்காசு அவனிடம் இல்லை, தவணையாகத்தான் தருவான். அப்படியானால் உனக்கும் அண்ணாவுக்கும் சேர வேண்டிய பங்கு பிந்தும். அண்ணா சரி என்றுவிட்டான். நீயும் மருமகனோடு கதைத்துவிட்டு எழுது.

அன்புடன்,
அப்பா