காமிரா மீட்டர் புகார் குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நம் கடையில் மீட்டர் (வெளிச்சத்தை அளந்து சொல்லும் பாகம்) சரிபார்த்த பழைய ஃபிலிம் காமிராக்களில், தனுஷ்கோடியில் எடுத்த படமெல்லாம் இருட்டாக வருகிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. நம் கடை வாசலை மிதிக்காதவர்களும் அதைப் பகிர்வதால்தான் இந்த விளக்கம்.

புகாரோடு வந்த நெகட்டிவ்களைப் பார்த்தோம். ஒரே ரோலில் ராமநாதபுரம் அரண்மனை வாசலில் எடுத்தவை பழுதில்லை. தனுஷ்கோடியின் கோடியான அரிச்சல்முனையில் எடுத்தவை மட்டும் நெகட்டிவில் வெளுத்து, பிரிண்டில் முகம் கறுத்திருக்கின்றன. மீட்டர் கெட்டிருந்தால் இரண்டுமே கெட்டிருக்க வேண்டாமா?

எதிரில் இருப்பது மணலா, முகமா என்று மீட்டருக்குத் தெரியாது. எதைக் காட்டினாலும், 18 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் நடுச்சாம்பல் நிறம் என்றே கணக்குப் போடும். வெள்ளை மணலையும் மின்னும் கடலையும் காட்டினால் மீட்டரின் முள் துள்ளி ஏறும். நீங்களும் லென்ஸின் துவாரமான அப்பர்ச்சரைச் சுருக்குவீர்கள். ஐ.எஸ்.ஓ. 200 ஃபிலிமுக்கு உச்சி வெயிலில் ஷட்டர் 1/250 நொடி, அப்பர்ச்சர் எஃப் 16 போதும் என்ற இடத்தில், மணலைப் பார்த்த மீட்டர் 1/500, எஃப் 22 என்று சொல்லக்கூடும். ஒவ்வொரு ஸ்டாப் குறையும்போதும் வெளிச்சம் பாதியாகும், இது இரண்டு ஸ்டாப் குறைவு. மணல் சாம்பலாகும், ஆள் நிழலாவார்.

இதற்கு வழி கையிலேயே இருக்கிறது. ஆள் நிற்கும் அதே வெயிலில் உள்ளங்கையை விரித்து, காமிராவின் நிழல் விழாமல், ஃபிரேம் முழுக்க அது நிறையும்படி நெருங்கி அளவெடுங்கள். உள்ளங்கை நடுச்சாம்பலைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் வெளிர், ஆகவே மீட்டர் சொல்வதிலிருந்து ஒரு ஸ்டாப் திறந்து வையுங்கள். பிறகு மணல் பக்கம் திரும்பும்போது முள் ஆடினாலும் அளவை மாற்றாதீர்கள். நெகட்டிவ் ஃபிலிம் கொஞ்சம் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும், குறைவைத் தாங்காது. நெகட்டிவ் இல்லாமல் நேரே படமாகவே வரும் ஸ்லைடு ஃபிலிம் நேர்மாறு.

மீட்டர் மேல் சந்தேகமென்றால், தெளிந்த வானத்து நண்பகலில் வெயில் படும் பசும்புல்லை அளந்து பாருங்கள். ஐ.எஸ்.ஓ. 200, 1/250 என வைத்தால் எஃப் 16 அக்கம்பக்கம் வரவேண்டும்.

ரோல் முழுக்கவே இருண்டிருந்தால், இன்னொரு காரணம் பேட்டரி. மினோல்டா எஸ்.ஆர்.டி. 101 போன்றவை 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்தவை. அது இப்போது விற்பனையில் இல்லை. அந்த இடத்தில் 1.5 வோல்ட் ஆல்கலைன் போட்டால் முள் கூடுதலாக ஏறி, படம் இருளும். பேட்டரி தேயத்தேய அந்தப் பிழையும் மாறிக்கொண்டே போகும். காதுக் கருவிக்கான 675 ஜிங்க்-ஏர் பேட்டரி, ரப்பர் வளையத்தோடு பொருந்தும். ஸ்டிக்கரை உரித்துச் சில நிமிடம் காற்றுப்பட வைத்துப் போடுங்கள். உரித்த பிறகு ஓரிரு மாதந்தான் உழைக்கும். வோல்டேஜைக் குறைக்க நாங்கள் டையோடு என்ற சிறு பாகம் வைத்துக் கொடுத்த காமிராவுக்கு எஸ்.ஆர். 44 சில்வர் ஆக்ஸைடு மட்டுமே போடவும். பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்குக்கு இந்தக் கவலையே இல்லை, அதன் சர்க்யூட் வோல்டேஜ் வித்தியாசத்தைப் பொருட்படுத்தாது. வெளிச்சத்திலிருந்தே மின்சாரம் எடுக்கும் செலினியம் மீட்டருக்கு பேட்டரியே கிடையாது. அந்த செல் சோர்ந்தால் படம் வெளுக்குமே தவிர இருளாது.

நம் ஊர் உப்புக்காற்றில் பேட்டரி மூடியின் மரையில் பச்சை பிடிக்கும். மாதம் ஒருமுறை பென்சில் ரப்பரால் தேய்த்து விடுங்கள். எடுக்காத நாட்களில் பேட்டரியைக் கழற்றி வையுங்கள்.

மீட்டர் வேலை பார்த்த தம்பி விலகிவிட்டதால் இனி சற்று நாளாகும், கட்டணமும் ரூ.150 கூடுகிறது.

கீழக்கரையிலிருந்தும் மண்டபத்திலிருந்தும் பஸ் ஏறி வந்து, செய்தியை நம்பாமல் எங்களிடமே கேட்டவர்களுக்கு மனமார்ந்த நன்றி. உங்கள் நம்பிக்கையில்தான் இந்தக் கடை நடக்கிறது. சந்தேகமுள்ளவர்கள் காமிராவை உள்ளே இருக்கும் பேட்டரியோடும், அந்த நெகட்டிவோடும் கொண்டு வாருங்கள். உங்கள் கண்முன்னே அளந்து காட்டுகிறோம், அதற்குக் காசு வேண்டாம்.

இப்படிக்கு,
கடைக்காரர்கள், ராமநாதபுரம்