சாக்ஸ் பதிஞ்ச தடம்

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லா இருக்கியா, அத்தான், பிள்ளைங்க எல்லாரும் சொகமா? இங்க சிட்னில வெயில் மண்டையப் பொளக்குது, அங்க நீங்க மார்கழிப் பனியில கோலம் போட்டுக்கிட்டு இருப்பீங்க. "அப்படி என்னதான் வேலை, எப்பப் பாத்தாலும் போனும் கையுமா இருக்க"ன்னு அன்னைக்குக் கேட்டியே, அவசரத்துல சரியா பதில் சொல்லல, அதான் உக்காந்து எழுதுறேன்.

இங்க வயசானவங்க நெறைய பேரு தனியாத்தான் இருக்காங்க, முதியோர் இல்லத்துக்குப் போக மனசு வராது, கடைசி வரைக்கும் சொந்த வீட்ல இருக்கணும்பாங்க. அவங்க வீட்டுக்கே ஆள் அனுப்பிக் குளிப்பாட்டி, மாத்திரை எடுத்துக் குடுத்து, வீடு கூட்டிட்டு வர்றதுதான் எங்க கம்பெனி. பெரும்பாலும் அரசாங்கக் காசு, அதனால கேள்வியும் கேப்பாங்க. 2018-ல ராயல் கமிஷன்னு அரசாங்கமே ஒரு பெரிய விசாரணைக் குழு போட்டு விசாரிச்சாங்க, 2021-ல ரிப்போர்ட் வந்துச்சு, 148 பரிந்துரை, பெரியவங்கள எப்படியெல்லாம் கவனிக்காம விட்டுருக்காங்கன்னு படிச்சா வயிறு எரியும். அதுலேர்ந்து சட்டதிட்டம் மாறிக்கிட்டேதான் இருக்கு. பெரிய சம்பவம்னா 24 மணி நேரத்துக்குள்ள தகவல் சொல்லணுங்கிறது, 2022 டிசம்பர்லேர்ந்து எங்கள மாதிரி வீட்டுக்குப் போய் பாக்கிறவங்களுக்கும் வந்துருச்சு. 2025 நவம்பர் 1-லேர்ந்து சட்டமே புதுசு, தர விதி எட்டா இருந்தது ஏழாச்சு, அதுல பேர் மாறுனது பாதி, கேக்குற கேள்வி மாறுனது மீதி. "வேலைய முடிச்சீங்களா"ங்கிறதோட இப்ப விடுறதில்ல, அந்தப் பெரியவருக்கு என்ன வேணும்னு அவர்ட்டயே கேட்டீங்களா, கேட்டதுக்கு எழுத்துல சாட்சி எங்கங்கிறாங்க.

நான் முன்னாடி இருந்த இடத்துல எல்லாமே பேப்பர் ஃபைல். ஒவ்வொரு வீட்லயும் ஃப்ரிட்ஜ் மேல ஒண்ணு கிடக்கும். ஒரு தாத்தா பாத்ரூம்ல வழுக்கி விழுந்தத அதுல எழுதி வச்சிட்டு வந்தேன், ஆபீஸ்ல அத எடுத்துப் பாத்தது ஒன்பது நாள் கழிச்சு, அதுக்குள்ள மறுபடியும் விழுந்துட்டாரு. அது என் மனசுல இன்னும் கிடக்கு அக்கா. போன் பண்ணிருக்கணும் நானு.

இப்ப எல்லாமே போன் ஆப்ல. வீட்டு வாசல்ல நின்னு அமுக்குனா எத்தன மணிக்கு வந்தோம்னு பதியும், மாத்திரை குடுத்தா குடுத்த நேரம் பதியும். மொதல்ல எனக்கும் பிடிக்கல, வேவு பாக்குறாங்கன்னுதான் நெனச்சேன்.

அப்புறம் இந்த இத்தாலிக்காரப் பாட்டி. மறதி முத்திப்போய் இங்கிலீஷ் கழண்டு இத்தாலியன் மட்டும்தான் பேசுவாங்க. காலைல அந்தச் சின்ன அலுமினியப் பாத்திரத்துல அடுப்புல வச்சுப் போட்ட காபிதான் வேணும், இல்லன்னா குளிக்க வரமாட்டாங்க, அதையும் ஆப்ல எழுதி வச்சிருக்கு, யார் புதுசா போனாலும் தெரியும். ஒரு திங்கக்கிழமை சாக்ஸ கழட்டுறேன், கணுக்காலுக்கு மேல சாக்ஸோட ரப்பர் பதிஞ்ச தடம் பள்ளமா விழுந்து கிடக்கு, தேய்ச்சு விட்டேன், போகல. போட்டோ எடுத்து ரெண்டு வரி எழுதி அனுப்புனேன். புதன்கிழமை போன நேபாளப் பொண்ணு அந்தப் போட்டோவ வச்சு ஒப்பிட்டுப் பாத்து, வீக்கம் ஏறிருக்குன்னு எழுத, நர்ஸ் அன்னைக்கு மத்தியானமே டாக்டருக்குப் போன் போட்டாங்க. இருதயத்துக்காகத் தண்ணி இறங்கற மாத்திரையக் கூட்டிக் குடுத்தாரு. நானு, அந்த நேபாளப் பொண்ணு, நர்ஸ், மூணு பேரும் நேர்ல பாத்துக்கிட்டதே இல்ல.

இப்ப நான் ஆபீஸ்ல, அந்த ஆப்ல வர்ற ஃபார்ம் எல்லாம் மாத்துற வேலை. விதி மாறுனா ஒரு இடத்துல கேள்விய மாத்துனாப் போதும், மறுநாள் காலைல எல்லாப் பொண்ணுங்க போன்லயும் புதுக் கேள்வி நிக்கும், ஆடிட்டுக்கு வந்தவங்க கேட்டா தேதியோட எடுத்துக் காட்டலாம். ஒண்ணுக்கு மட்டும் நான் மல்லுக்கு நின்னேன், "குறை ஒண்ணும் இல்ல"ன்னு ஒரு பட்டன் வச்சிருந்தாங்க, அவசரத்துல எல்லாரும் அதத்தான் அமுக்குவாங்க. அதத் தூக்கிட்டு ஒரு வரியாவது கைப்பட டைப் பண்ணணும்னு வைக்கச் சொன்னேன், முனகுனாங்க, ஆனா வச்சாச்சு.

அக்கா, சுகர் இருக்கிற நம்ம அப்பாவோட கால நெனச்சாத்தான் பயமா இருக்கு. நீ பகல்ல பாக்குற, ராத்திரி அத்தான் பாக்குறாரு, ஞாயித்துக்கிழமை சித்தி வர்றாங்க, யார் எந்த மாத்திரை குடுத்தான்னு யாருக்குத் தெரியும்? வாட்ஸ்அப்ல ஒரு குரூப் போட்டுருக்கேன், நீங்க மூணு பேரும் நானும். சுகர் பாத்தா நம்பரப் போடு, வாரத்துக்கு ஒரு தடவை ரெண்டு பாதத்தையும், அடிப்பக்கமும் விரல் இடுக்கும் தெரியிற மாதிரி போட்டோ எடுத்துப் போடு. அப்பா வேண்டாம்பாரு, நான் கேட்டேன்னு சொல்லு.

உன் தங்கச்சி