முடக்குவாத நோயாளிகள், பராமரிப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்களுக்கும், அவர்களைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்திருக்கும் வீட்டாருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்களும் உடற்பயிற்சி வகுப்பும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நம் நோய்க்கு எந்தச் சிகிச்சை தரலாம் என்று மருத்துவர்களுக்குப் பரிந்துரைக்கும் சிகிச்சை வழிகாட்டு நெறிமுறைக் குழுவில் நம் உறுப்பினர்கள் இருவர் நோயாளிகளின் பிரதிநிதிகளாக இடம்பெற்றதுதான் இந்த ஆண்டின் பெரிய வேலை.

முன்பெல்லாம் ஒரு நெறிமுறை வந்தால் பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும். இப்போது புதிய ஆய்வு வந்ததும் அது தொடர்பான பரிந்துரையை மட்டும் திருத்திவிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் பக்கவாத சிகிச்சைக்கு 2018இல் இந்த முறையைத் தொடங்கினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கோவிட் நெறிமுறையும் இப்படித்தான். ரெம்டெசிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து வேண்டாம் என்று 2020 நவம்பரில் சொன்னது, நோய் கடுமையாகாவிட்டாலும் மருத்துவமனையில் சேரும் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்குத் தரலாம் என்று 2022இல் மாறியது.

“சரி, இதில் நமக்கென்ன வேலை?” என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். ஆய்வுத் தரவை அலசுவது நிபுணர்களின் வேலைதான். ஆனால் எந்தப் பலனை அளப்பது என்பதை அவர்கள் மட்டுமே முடிவு செய்யக் கூடாது. அதற்கு நம் நோயே சாட்சி. மூட்டு வீக்கத்தையும் ரத்தப் பரிசோதனையையும் கணக்கெடுத்துவந்த வாதநோய் ஆய்வாளர்களின் ஓமெராக்ட் மாநாட்டில் 2002இல் நோயாளிகளும் கலந்துகொண்டார்கள். சோர்வை யாரும் கேட்பதே இல்லையே என்று அவர்கள் எடுத்துச் சொன்ன பிறகுதான், முடக்குவாத ஆய்வுகளில் அதையும் அளக்க வேண்டும் என்ற நிலை வந்தது. அந்தக் களைப்பு நம்மில் யாருக்குத் தெரியாது?

நம் பிரதிநிதிகளும் சும்மா இருக்கவில்லை. முடக்குவாத மருந்தான மெத்தோட்ரெக்சேட் கர்ப்ப காலத்தில் கூடாது. குழந்தை பெற விரும்பும் பெண் அதை எப்போது நிறுத்துவது, நிறுத்திய பிறகு வேறு எதை எடுப்பது என்பதை நெறிமுறையில் தனிக் கேள்வியாகச் சேர்க்க வைத்தார்கள். பலனும் பக்கவிளைவும் ஏறக்குறைய சமமாக இருக்கும் இடங்களில்தான் நோயாளியின் விருப்பத்துக்கு எடை அதிகம். ஊசியா மாத்திரையா என்பதுகூட அங்கே சின்ன விஷயம் இல்லை.

குறைகளும் உண்டு. ஆய்வு முடிவுகளின் அட்டவணைகள் குழுக் கூட்டத்துக்கு முந்தின இரவில்தான் வந்து சேர்கின்றன, அதுவும் எளிய சுருக்கம் இல்லாமல். முடிவெடுத்த பிறகு ஒப்புக்கு நம்மைக் கேட்பதும் நடந்தது. இரண்டையும் எழுத்தில் தெரிவித்துள்ளோம். சுருக்கம் இப்போது வருகிறது.

இன்னொன்று, இந்த வேலைக்கு முடிவே கிடையாது. மூட்டு வீங்கிப் படுத்திருக்கும் வாரத்திலும் கூட்டம் வரும். ஆகவே ஒருவர் வர முடியாதபோது மற்றவர் போகட்டும், ஆண்டுதோறும் ஒருவர் மாறட்டும் என்று செயற்குழு முடிவு செய்துள்ளது. பயணச் செலவையும் நேரத்துக்கான தொகையையும் அழைப்பவர்களே தர வேண்டும் என்றும் கேட்டிருக்கிறோம். நோயாளி என்றால் இலவசமாக வருவார் என்ற எண்ணம் எனக்குப் பிடிக்கவில்லை.

மருந்து நிறுவனங்களிடம் நன்கொடை வாங்கினால் அதைக் குழுவில் அறிவிக்க வேண்டும். அந்த மருந்து பற்றிய வாக்கெடுப்பில் நம் ஆட்கள் விலகி நிற்க வேண்டிவரலாம். வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. தீர்மானம் இன்று உங்கள் முன் வருகிறது. அடுத்த பிரதிநிதியாக விரும்புவோர் கூட்டம் முடிவதற்குள் பெயர் கொடுக்கலாம். மருத்துவச் சொற்கள் தெரியாதே என்று தயங்க வேண்டாம், பயிற்சி உண்டு.

இவண்,
செயலாளர்