அந்தப் பாட்டிலை எறிந்துவிடாதே

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்கால் வலி முன்பைவிடத் தேவலை. மாமா வீட்டுக் கிரகப்பிரவேசத்திற்கு உன்னால் வர இயலாது என்று நானே சொல்லிவிட்டேன். கொஞ்ச நாளாகத் தொலைபேசியில் "சாப்பிட்டேன், தூங்கப் போகிறேன்" என்பதற்கு மேல் நீ பேசுவதில்லை. நீ நர்ஸாக இருக்கும் வார்டில் சில குழந்தைகளுக்கு இரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்று மேல வீதி அக்காவின் மகள் வழியாகக் கேள்விப்பட்டேன். அதை நான் துருவிக் கேட்கப்போவதில்லை. ஆனால் டிரிப் ஏற்றும் வேலையைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு. நர்ஸாக என் சர்வீஸ் முழுவதும் அதிலேயே போயிற்று.

சொட்டு சரியாக இறங்கவில்லை என்றால் பிளாஸ்டிக் பாட்டிலில் ஓர் ஊசியைக் குத்திக் காற்றுக்கு வழி விடும் பழக்கம் அங்கே இன்னும் இருக்கிறதா? அந்தத் துளை வழியாக வார்டின் காற்று வடிகட்டப்படாமல் மருந்துநீருக்குள் போகிறது. தானாகச் சுருங்கும் பைக்கு அந்தத் துளையே தேவையில்லை. அதை வாங்கித் தரும்படி நீங்கள் எல்லோரும் சேர்ந்து எழுத்தில் கேட்க வேண்டும். அதுவரை வடிகட்டியுள்ள காற்றுவழி கொண்ட டிரிப் குழாயையே, அதாவது செட்டையே, கேட்டு வாங்கு. 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரை நீரில் கிளெப்சியெல்லா, என்டரோபாக்டர் என்ற கிருமிகள் அறை வெப்பத்திலேயே பெருகும். ஒரு மில்லியில் பத்து லட்சம் கிருமி இருந்தாலும் நீர் தெளிந்தே தெரியலாம். விரிசலும் துகளும் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தே ஆக வேண்டும், ஆனால் தெளிவாக இருப்பதாலேயே சுத்தமானது என்று நம்பிவிடாதே.

குழந்தையைத் தாயிடம் பாலுக்குக் கொடுக்கும்போது டிரிப்பைக் கழற்றி, செட்டின் நுனியை மூடாமல் ஸ்டாண்டில் சுற்றித் தொங்கவிட்டு, திரும்பி வந்ததும் அதையே மாட்டுவதை எத்தனையோ வார்டுகளில் பார்த்திருக்கிறேன். பயிற்சியில் இருந்தபோதே மூத்த சிஸ்டரிடம் "புது செட் கொடுங்கள்" என்று நின்று வாங்கியவள் நீ. அதை நான் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். அந்தப் பெண் இப்போது ஏன் வாயைத் திறப்பதில்லை? 100 மில்லி சலைன் பாட்டிலில் ஊசியைக் குத்தியே வைத்து, வார்டு முழுவதற்கும் குழாயை அலசும் ஃபிளஷ் நீரை அதிலிருந்தே எடுத்தால், ஒரு குழந்தையின் கிருமி மற்றக் குழந்தைகளுக்குப் போக அதைவிட நேர்வழி கிடையாது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக எடு. ஜாடியில் ஊறிக் கிடக்கும் ஸ்பிரிட் பஞ்சையும் நம்பாதே.

கையைச் சுத்தம் செய்துகொள். குழாய் இணைப்பைத் தொடும் முன் அதை ஆல்கஹாலால் 15 வினாடியாவது அழுத்தித் தேய்த்து, உலரும்வரை காத்திரு. இரவு டியூட்டியில் ஒரே ஆளாகப் பல குழந்தைகளைப் பார்க்கும்போது அந்த 15 வினாடிதான் முதலில் போகும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அப்போதும் தேய், அப்போதும் உலர விடு.

அடிக்கடி செட்டை மாற்றினால் நல்லது என்றும் எண்ணாதே, கழற்றும் ஒவ்வொரு முறையும் கிருமிக்கு ஒரு வாசல் திறக்கிறது. தொடர்ந்து ஓடும் சாதாரண டிரிப்பின் செட்டை 96 மணி நேரத்திற்குள் மாற்றத் தேவையில்லை, ஆனால் 7 நாளைத் தாண்டவும் விடக்கூடாது என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் 2011 வழிகாட்டுதல் சொல்கிறது. இரத்தமோ லிப்பிட் என்ற கொழுப்புக் கரைசலோ போன செட் என்றால் 24 மணி நேரத்திற்குள் மாற்றிவிட வேண்டும். மாற்றிய நேரத்தைச் சீட்டில் எழுதி ஒட்டு.

இன்னொன்றையும் நீ அறிந்திருக்க வேண்டும். 1970, 71இல் அமெரிக்காவில் 25 மருத்துவமனைகளில் 378 நோயாளிகளுக்கு டிரிப் வழியாகக் கிருமி ஏறியது. தேடிப் பார்த்தபோது, பாட்டிலின் திருகுமூடிக்குள் இருந்த உள்ளுறையில் கிருமி இருந்தது. 1972இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில், ஆட்டோகிளேவ் என்ற நீராவியால் கிருமி நீக்கும் கருவியில் சரியாகச் சூடேறாத டெக்ஸ்ட்ரோஸ் பாட்டில்களால் 5 பேர் இறந்தார்கள். இரண்டிலும் தவறு தொழிற்சாலையில் நடந்தது. ஊசி போட்ட நர்ஸின் கையில் அல்ல. ஆகையால் எங்கிருந்து வந்தது என்று தெரியும் முன்பே பழியை உன் தலையில் நீயே ஏற்றிக்கொள்ளாதே. அதற்காகக் கவனத்தைத் தளர்த்திவிடலாம் என்று நான் சொல்லவில்லை, தேன்மொழி.

டிரிப் போட்ட பிறகு குழந்தைக்குத் திடீரென்று காய்ச்சல் ஏறினாலோ, உடம்பு சில்லிட்டு நிறம் மாறினாலோ, உடனே நிறுத்தி டாக்டரைக் கூப்பிடு. பாட்டிலையும் செட்டையும் குப்பையில் போட விடாதே. நுனியை மூடி, பேட்ச் எண்ணைக் குறித்து, கிருமியைக் கண்டறியும் இரத்தக் கல்ச்சர் சோதனைக்கான மாதிரியோடு அதையும் லேபுக்கு அனுப்பச் சொல். அந்தப் பாட்டில் போய்விட்டால் மிஞ்சுவது டியூட்டி பட்டியலில் உள்ள பெயர் மட்டுமே.

விசாரணை என்று எழுதித் தரச் சொன்னால், நீ பார்த்ததையும் செய்ததையும் மட்டும் நேரத்தோடு எழுது. பிறர் சொன்னதை எழுதாதே. அதன் நகல் ஒன்று உன்னிடம் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவேன், எடுத்துப் பேசு. நான் அங்கு வர வேண்டுமென்றால் தயங்காமல் சொல்; அப்பாவைச் சித்தி பார்த்துக்கொள்வாள்.

அன்புடன்,
அம்மா