ஆரம் 26 அங்குலமா, ஆசிரியரே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பின் கணக்குப் பகுதியில், "26 அங்குல ஆரமுள்ள சைக்கிள் சக்கரம் நிமிடத்துக்கு 150 முறை சுற்றினால் வேகம் மணிக்கு 37 கி.மீ." என்று போட்டிருந்தீர்கள். ஆரம் 26 என்றால் சக்கரத்தின் உயரம் 52 அங்குலம், என் நெஞ்சு மட்டத்துக்கு வரும். 1870-களில் அப்படி ஒரு சைக்கிள் ஓடியது உண்மைதான். முன்சக்கரத்தின் அச்சிலேயே மிதி இருக்கும். தாங்கள் அதைத்தான் சொல்கிறீர்கள் என்றால் மன்னிக்கவும். ஆனால் பக்கத்தில் உள்ள படம் சாதாரண சைக்கிள். அதிலும் செயினை இடப்பக்கம் மாட்டியிருக்கிறார் ஓவியர்.

31 ஆண்டுகளாகச் சக்கரத்தின் கோட்டம் எடுத்து, பஞ்சர் ஒட்டிப் பிழைக்கிறவன் நான். 26 என்பது டயரின் விட்டம், அதுவும் உத்தேசமாகத்தான் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. சுற்றளவு சுமார் 2.07 மீட்டர். 150 சுற்றுக்கு 310 மீட்டர் சொச்சம். மணிக்கு 18.6 கி.மீ., அவ்வளவுதான்.

மறுநாளே ஒரு பையன் வந்து நின்றான். வேகம் காட்டும் அவன் சைக்கிள் மீட்டரில் நான் 2070 மி.மீ. என்று வைத்துக் கொடுத்த சுற்றளவை அழித்துவிட்டு, தங்கள் கணக்கைப் பார்த்து 4149 என்று மாற்றியிருக்கிறான். "அண்ணே, நேத்து நான் நாற்பதுல போனேன்" என்கிறான். இல்லையப்பா என்றால், "பேப்பர்லயே போட்டிருக்கே!" அதற்குமேல் நான் என்ன பேச? காற்றடித்து, வால்வுக்கு நேரே டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, அவனையே சீட்டில் உட்கார வைத்துப் பத்துச் சுற்று உருட்டினேன். டேப் பிடித்தால் 20 மீட்டர் 60 செ.மீ. ஆள் பாரத்தில் டயர் கொஞ்சம் அமுங்கும், அதனால் சுற்றுக்கு ஒரு செ.மீ. குறைகிறது. பையன் நம்பாமல் டேப்பைப் பிடுங்கித் தானே அளந்தான்.

இது முதல் தடவையா? இரண்டு ஆண்டுகளுக்கு முன், மிதி நிமிடத்துக்கு 60 சுற்றினால் சக்கரமும் 60 சுற்றும் என்று வைத்து வேகம் கண்டுபிடித்தீர்கள். அப்படிப் பார்த்தால் மணிக்கு ஏழரை கி.மீ.கூட வராது, மெல்ல ஓடுகிறவர் முந்திவிடுவார். செயின் ஓடும் பல்சக்கரங்களில் முன்னால் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல் என்றால் மிதி ஒரு சுற்று வருவதற்குள் சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று சுற்றிவிடும் என்று எழுதினேன். பிரசுரித்தீர்கள், நன்றி. பல் கணக்கு இருந்த வரியை மட்டும் வெட்டிவிட்டு! மிச்சத்தைப் படித்தவர்கள் தப்பு என்னுடையது என்று நினைத்துக்கொண்டார்கள். பக்கத்துக் கடிதத்தில் 'பொறியாளர்' என்று பட்டத்தோடு பெயர் இருந்தது. எனக்கு 'ஒரு வாசகர்'. திருத்தம் வந்ததோ மூன்று வாரம் கழித்து, குறுக்கெழுத்து விடைகளுக்குக் கீழே, பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற எழுத்தில்.

நான் கேட்பது ஒரு வரி. "ஆரம் அல்ல, விட்டம், 37 அல்ல, 18.6." அதே பக்கத்தில், அதே எழுத்தளவில். செயினை வலப்பக்கம் மாற்ற முடிந்தால் மகிழ்ச்சி, முடியாவிட்டாலும் பரவாயில்லை.

பையனின் மீட்டரை 2060-க்கு மாற்றிவிட்டேன். அவன் நாற்பதைப் பறித்துக்கொண்டவன் நான்தான் என்று இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர் (தாங்கள் வைத்த பெயர்தான்)