தண்டனை முடிந்து வரும் ஆட்டக்காரரைச் சேர்க்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திடலுக்கு வெளியே தவறு செய்து தண்டனை பெற்ற காற்பந்து ஆட்டக்காரர்களை மறுபடியும் குழுவில் சேர்க்கலாமா என்று வாசகர்கள் தொடர்ந்து எழுதி வருகிறார்கள். சேர்க்கலாம் என்பதே எங்கள் கருத்து. ஆனால் மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் அது நடக்கும் விதம் மனத்தை வருத்துகிறது. அரையிறுதி நெருங்கும், கோல் போட ஆள் இருக்காது, "பாவம், பையன் திருந்திட்டான்" என்று யாராவது ஆரம்பிப்பார்கள், அடுத்த ஆட்டத்தில் அவர் ஜெர்சியோடு நிற்பார். கொஞ்ச நாளில் மறுபடியும் சறுக்கினால் பழி முழுவதும் பையன் தலையில் விழும்.

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் பார்ப்பவர்களுக்கு ஆட்டக்காரர் ஐவன் டோனியைத் தெரியும். பந்தயம் கட்டியதற்காக 2023 மே மாதம் அவருக்கு 8 மாதத் தடையும் 50,000 பவுண்ட் அபராதமும் விதித்தார்கள். முதல் 4 மாதம் குழுவோடு பயிற்சிக்குக்கூட வரக்கூடாது. செப்டம்பர் 17 முதல் பயிற்சி, 2024 ஜனவரியில்தான் ஆட்டம். அதே பந்தயக் குற்றத்துக்காக இத்தாலிய ஆட்டக்காரர் சாண்ட்ரோ தோனாலிக்குக் கிடைத்தது 18 மாதத் தடை. அதில் 8 மாதத்தைச் சிகிச்சைக்கும், பொது நிகழ்ச்சிகளில் குறைந்தது 16 முறை பேசுவதற்கும் மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டு பேருக்கும் எது எப்போது என்று எழுத்தில் இருந்தது. நம் குழுக்களுக்கும் ஒரு பக்கத் தாள் போதும்: பயிற்சி எந்தத் தேதியில், மாற்று ஆட்டக்காரராக 20 நிமிடம் எப்போது, முழு ஆட்டம் எப்போது, இடையில் எது நடந்தால் நிறுத்தம். ஆட்டக்காரர், குழுத் தலைவர், வீட்டுப் பெரியவர் ஒருவர் கையெழுத்திட வேண்டும். முடிவைப் பயிற்றுநரிடம் விடவே கூடாது. அவருக்குக் கோல் வேண்டும். பயிற்றுநர்களான நாங்களே இதைச் சொல்கிறோம்.

நம் பக்கம் அதிகம் சிக்குவது போதைப்பொருள் வழக்கில்தான். 1952 ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 15(1)(ஏ) பிரிவில், அதாவது போதைப்பொருள் உட்கொண்டதற்காக, குற்றவாளியானவர், தண்டனை முடிந்ததும் 38பி பிரிவின்படி 2 முதல் 3 ஆண்டுவரை கண்காணிப்பில் இருக்க வேண்டும். சொன்ன நாளில் ஏஏடிகே எனப்படும் தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போக வேண்டும், சோதனைக்குச் சிறுநீர் கொடுக்க வேண்டும், குறிப்பிட்ட வட்டாரத்தை விட்டு வெளியேற எழுத்துப்பூர்வ அனுமதி வாங்க வேண்டும். குழுக்கள் கோட்டை விடுவது இங்கேதான். வேறு வட்டாரமான தெலுக் இந்தானில் ஆட்டம் என்றால் பேருந்து ஏற்பாடு செய்வார்கள், அனுமதியைப் பற்றி யாரும் யோசிக்க மாட்டார்கள். பையனும் இடம் போய்விடுமோ என்ற பயத்தில் வாய் திறக்க மாட்டார். கண்காணிப்பு நிபந்தனையை மீறுவது தனிக் குற்றம்; போதைப்பொருளைத் தொடாமலே அவர் மறுபடியும் நீதிமன்றம் ஏற நேரும். ஆட்ட அட்டவணை கைக்கு வந்த அன்றே அதன் நகலோடு குழுச் செயலாளர் அதிகாரியைப் போய்ப் பார்க்க வேண்டும்.

குழுவே சோதனை செய்வதாக இருந்தால், ஆட்டக்காரரின் எழுத்துச் சம்மதத்தோடு, முன்னறிவிப்பில்லாத நாளில் செய்யுங்கள். ஷாபு எனப்படும் மெத்தம்பெட்டமின் போதைப்பொருளின் தடம் சாதாரணமாக மூன்று நான்கு நாளில் சிறுநீரிலிருந்து மறைந்துவிடும்; மாதா மாதம் ஒரே தேதியில் சோதித்தால் ஒரு வாரம் நிறுத்திவிட்டு வந்து தேறிவிடலாம். மருந்துக்கடையில் வாங்கும் சிறுநீர்ச் சோதனைப் பட்டையைப் படிப்பதிலும் தவறு நடக்கிறது. சோதனை முடிவைக் காட்டும் 'டி' பக்கத்தில் கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் போதைப்பொருள் இல்லை என்றே பொருள். கோடே விழாவிட்டால்தான் சந்தேகம். பட்டை சரியாக வேலை செய்ததைக் காட்டும் 'சி' கோடு வரவில்லை என்றால் அந்தப் பட்டை செல்லாது. சில சளி மாத்திரைகளும் ஷாபு போலக் காட்டும் என்பதால், ஆய்வகம் உறுதி செய்யும்வரை யாரையும் குற்றவாளி என்று சொல்லக்கூடாது.

பெண்ணை அடித்தவர் விஷயம் வேறு. அங்கே இன்னொருவரின் பாதுகாப்பு இருக்கிறது. அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல், வருங்கால மனைவியை அடித்த ஆட்டக்காரர் ரே ரைசுக்கு 2014இல் முதலில் இரண்டே ஆட்டத் தடை விதித்தது. செப்டம்பரில் அவர் அடித்த காணொளி வெளியானதும் காலவரையற்ற தடை. ஒரே செயலுக்கு இரண்டு முறை தண்டித்தது தவறு என்று நவம்பரில் மேல்முறையீட்டை விசாரித்த முன்னாள் நீதிபதி அந்தக் காலவரையற்ற தடையை ரத்து செய்தார். எல்லா விவரத்தையும் திரட்டிய பிறகே ஒரு முடிவு எடுக்க வேண்டும்; போலீஸ் புகார், நீதிமன்றத் தீர்ப்பு, பெண்ணை நெருங்கக்கூடாது என்ற காப்பு ஆணை எல்லாவற்றையும் படித்துப் பார்க்க வேண்டும். தோட்டத் திடல் பெரும்பாலும் லயத்து வீடுகளுக்கு எதிரேயே இருக்கும். அந்தப் பெண் அங்கே குடியிருந்தால், பயிற்சிக்கு வருவதே ஆணையை மீறுவதாகலாம். சேர்க்கப் போகும் செய்தி முகநூலில் வருவதற்கு முன் அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டும். சமாதானமாகப் போகச் சொல்லிக் குழுவிலிருந்து யாரும் அவர் வீட்டு வாசலை மிதிக்கவே கூடாது.

கடைசியாக, திரும்பி வந்தவர்களுக்கு உடனே தமிழ்ப்பள்ளி விடுமுறைப் பயிற்சியைக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பொறுப்பேற்கும் எவரையும், முன்னாள் நட்சத்திரமாகவே இருந்தாலும், சமூக நல இலாகாவின் சிறார் பதிவேட்டில் சரிபார்க்கக் கேளுங்கள். சிறாருக்கு எதிரான குற்றத்துக்காக அதில் பெயர் இருப்பவருக்கு அந்த வேலையே கிடையாது. மற்றவர்கள் தங்கள் அனுபவத்தைப் பேச வந்தாலும் வகுப்பாசிரியர் ஒருவர் முடியும்வரை கூடவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
காற்பந்துப் பயிற்றுநர்கள் இருவர்,
சுங்கை சிப்புட், பேரா.